காசிமேட்டுக்கு மானியம், திருவொற்றியூருக்குக் கடன்: துறைமுக நிதித் திட்டங்கள் இரண்டின் மதிப்பீடு

மீன்பிடித் துறைமுகத்தைப் புதுப்பிக்கவோ புதிதாகக் கட்டவோ தமிழ்நாட்டுக்குப் பெரிய தொகை வரும் வாசல்கள் இரண்டு. ஒன்று, 2020 செப்டம்பரில் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டம். இது மானியம். மற்றது, 2018-19 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டு 2018 அக்டோபரில் அமைச்சரவை ஒப்புதல் பெற்ற மீன்வள உட்கட்டமைப்பு மேம்பாட்டு நிதியம். இது கடன். வட சென்னையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. சென்னையின் மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டுக்கு மானியம் வந்தது. அதற்கு வடக்கே சில கிலோமீட்டரில் திருவொற்றியூர் குப்பத்துக்குக் கடன் வந்தது. படகு உரிமையாளர் சங்கங்களும் துறைமுக மேலாண்மைக் குழுக்களும் கையெழுத்துப் போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியதை மனத்தில் வைத்து இந்த மதிப்பீடு.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். இரண்டு திட்டங்களும் கட்டிக் கொடுத்துவிடும். கட்டியதை யார், எந்தப் பணத்தில் நடத்துவது என்ற இடத்தில் இரண்டுமே கையை விரிக்கின்றன. நெரிசலில் பாதி கட்டடம் போதாததால் வருவது, மீதிப் பாதி நடத்தும் விதத்தால் வருவது. ஆகவே முழுத்தொகை செலவான பிறகும் விடியற்காலை மூன்று மணிக்குப் படகு வரிசையில்தான் நிற்கும், கணக்கை முன்கூட்டியே போடாவிட்டால்.

அந்தக் கணக்கு

காசிமேடு 1980களில் சில நூறு விசைப்படகுகளுக்காகக் கட்டப்பட்ட துறைமுகம். இப்போது அதை நம்பியிருப்பவை ஆயிரத்துக்கும் மேல். அதோடு ஃபைபர் படகுகள். எண்ணிக்கை மட்டும் கூடவில்லை, படகும் பெரிதாகிவிட்டது. அன்றைக்குக் காலையில் போய் மாலையில் திரும்பிய மரப்படகு. இன்றைக்குப் பத்து நாளுக்கு மேல் கடலில் தங்கும் 20 மீட்டர், 24 மீட்டர் இரும்புப் படகு.

20 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம் உள்ள ஒரு படகை எடுத்துக்கொள்வோம். பக்கவாட்டில் அணைந்தால் கயிறுக்கும் இடைவெளிக்கும் 15 சதவீதம் சேர்த்து 23 மீட்டர் வார்ஃப், அதாவது படகு அணையும் தளம், வேண்டும். 300 மீட்டர் வார்ஃபில் 13 படகுகள் நிற்கலாம். முன்மூக்கை வைத்துச் செருகிக் கட்டினால் படகுக்கு 7 மீட்டர் போதும். அதே 300 மீட்டரில் 42 நிற்கும். ஆனால் அப்படிக் கட்டிய படகிலிருந்து மீனை வேகமாக இறக்க முடியாது. ஆயிரம் படகையும் மூக்கு வைத்துக் கட்டினாலே 7 கிலோமீட்டர் வார்ஃப் தேவை. அவ்வளவு நீளம் காசிமேட்டில் எந்தக் காலத்திலும் வரப்போவதில்லை. அதனால்தான் படகுக்குப் பக்கத்தில் படகாக நான்கு, ஐந்து வரிசை கட்டுகிறார்கள். உள்வரிசைப் படகு வெளியே போக வேண்டுமானால் வெளிவரிசை நான்கும் கயிறு அவிழ்க்க வேண்டும்.

இதில் ஒரு ஆறுதல் உண்டு. பல நாள் தங்கும் படகுகளில் பெரும்பகுதி எந்நேரமும் கடலில்தான் இருக்கும். மூன்றில் ஒரு பங்கு மட்டும் உள்ளே இருந்தால் தேவை 2.3 கிலோமீட்டராகக் குறைந்துவிடுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் இந்தச் சலுகை இல்லை, அத்தனையும் உள்ளே. தடை முடிந்ததும் எல்லாம் ஒன்றாகப் புறப்பட்டு, ஏறக்குறைய ஒன்றாகவே திரும்புகின்றன. ஜூன் கடைசியில் காசிமேட்டைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இனி இறக்கும் நேரம். 10 டன் மீனை 40 கிலோ கூடைகளில் தூக்கினால் 250 கூடை. நிமிடத்துக்கு ஒரு கூடை என்று வைத்தாலும் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. மொத்த வியாபாரம் சூடாக இருக்கும் நேரமும் விடியலுக்கு முந்தைய அந்த நான்கு மணி நேரம்தான். ஆக 300 மீட்டரில் ஒரு விடியலுக்கு 13 படகுதான் இறக்க முடியும். டெரிக் என்னும் ஒரு சின்னப் பளுதூக்கியோ கன்வேயர் பெல்ட்டோ வைத்து நேரத்தைப் பாதியாக்கினால் அதே வார்ஃபில் 26 படகு. இன்னொரு 300 மீட்டர் கட்டி, அதற்கேற்ற ஆழம் தோண்டி, பல ஆண்டு காத்திருந்து கிடைக்கும் பலன் இங்கே இரும்புச் சாமானிலேயே கிடைத்துவிடுகிறது.

இதைவிடச் செலவில்லாத வழியும் ஒன்று இருக்கிறது. மீனை இறக்கும் தளம், ஐஸும் டீசலும் தண்ணீரும் ஏற்றும் தளம், சும்மா நிற்கும் தளம் என மூன்றாகப் பிரிப்பது. துறைமுகப் பொறியியலில் இது பாலபாடம். இறக்கி முடித்த படகு அங்கேயே நின்று ஐஸ் ஏற்றி, டீசல் நிரப்பி, வலை சரிபார்த்து, அரை நாள் இடத்தை அடைத்துக்கொண்டால் மேலே போட்ட கணக்கு எதுவும் செல்லாது. மீன் எவ்வளவோ அவ்வளவு ஐஸ் என்பது வெப்ப நாட்டுப் பொது விகிதம். 10 டன் மீன் எதிர்பார்க்கிற படகு 50 கிலோ பாளத்தில் 200 பாளம் ஏற்றும். ஐஸ் உடைக்கும் இயந்திரமும் டீசல் பம்பும் இறக்கு தளத்திலேயே இருந்தால் படகை அங்கிருந்து நகர்த்தச் சொல்வது வீண் பேச்சு. விரிவான திட்ட அறிக்கையின் வரைபடத்தில் முதலில் தேட வேண்டியது இதைத்தான்: ஐஸும் டீசலும் எந்த வார்ஃபில் இருக்கின்றன?

மானியம்: மத்ஸ்ய சம்பதா

2021 பிப்ரவரி பட்ஜெட்டில் கொச்சி, சென்னை, விசாகப்பட்டினம், பாராதீப், பெட்டுவாகாட் ஆகிய ஐந்து மீன்பிடித் துறைமுகங்களைப் பொருளாதார மையங்களாக்குவதாக அறிவித்தார்கள். அதன்பின் ஒப்புதலான தொகைகளில் சென்னைக்கு ரூ.97.75 கோடி, கொச்சிக்கு ரூ.169.17 கோடி, விசாகப்பட்டினத்துக்கு ரூ.151.81 கோடி, பாராதீப்புக்கு ரூ.108.91 கோடி. திட்டத்தின் மொத்த அளவு ரூ.20,050 கோடி. அதில் மத்திய அரசின் பங்கு ரூ.9,407 கோடி, மாநிலங்களுடையது ரூ.4,880 கோடி, பயனாளிகள் போடுவது ரூ.5,763 கோடி. மாநிலம் செய்யும் பொதுப்பணிக்கு 60க்கு 40 என்று பங்கு. யூனியன் பிரதேசத்துக்கு முழுவதும் மத்திய அரசே தரும்.

மானியத்தின் பெரிய நன்மை, திருப்பிக் கட்ட வேண்டியதில்லை என்பது. ஏலக்கூடம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, கழிப்பறை, வலை பின்னும் கூடம், உள்சாலை, விளக்கு போன்றவை வருமானம் தராத செலவுகள். இவற்றுக்கு இதைவிடப் பொருத்தமான பணம் கிடையாது. மீனைத் தரையில் கொட்டி ஏலம் விடும் இடத்தில் உயர்த்திய மேடையும் நல்ல தண்ணீரும் ஓடுகிற வடிகாலும் வந்தால் வஞ்சிரத்துக்கும் கணவாய்க்கும் கிடைக்கும் விலை மாறும். ஏற்றுமதிக்கு வாங்குபவர்கள் தளத்தின் சுத்தத்தையும் பார்த்துத்தான் வாங்குகிறார்கள்.

குறை எங்கே? பணம் தவணையாக வரும். முந்தைய தவணைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் போனால்தான் அடுத்தது. மாநிலம் தன் 40ஐ நேரத்துக்குப் போடாவிட்டால் மத்தியப் பங்கும் நின்றுவிடும். மதிப்பீடு போட்ட தேதிக்கும் வேலை முடியும் தேதிக்கும் நடுவே விலை ஏறினால் அந்த வித்தியாசத்தைத் திட்டம் தானாக ஏற்காது. நல்ல உதாரணம் ஜிஎஸ்டி. அரசு ஒப்பந்த வேலைகளுக்குப் பெரும்பாலும் 12 சதவீதமாக இருந்தது, 2022 ஜூலை 18 முதல் 18 ஆனது. அதற்கு முன் மதிப்பிட்ட 100 கோடி வேலையில் 6 கோடி ஒரே நாளில் காணாமல் போயிற்று. அப்படிக் குறையும்போது எதை வெட்டுகிறார்கள்? கூரையை வெட்டுவதில்லை, திறப்பு விழாவில் அதுதான் கண்ணில் படும். கன்வேயர், தீயணைப்புக் குழாய், கூடுதல் தூர்வாரல் என்று தண்ணீர்ப்பக்கத்துச் சாமான்கள்தான் பட்டியலிலிருந்து முதலில் கழல்கின்றன. பட்டியலில் எந்த உருப்படியை எந்த வரிசையில் குறைக்கலாம் என்பதை முன்பே எழுத்தில் வாங்கிவைப்பது புத்திசாலித்தனம்.

காசிமேட்டுக்கே உரிய சிக்கல் இன்னொன்று. நிலமும் நீரும் சென்னைத் துறைமுக ஆணையத்துடையவை. படகுப் பதிவும் மானிய டீசலும் தடைக்கால நிவாரணமும் மாநில மீன்வளத் துறையிடம். திட்டப்பணம் மத்திய மீன்வளத் துறையிடமிருந்து. வார்ஃபில் ஒரு விளக்கு எரியவில்லை என்றால் யாரிடம் போவது என்பதற்கு மூன்று விடை வரும் அமைப்பு இது. கட்டும் காலத்தில் மூவரும் ஒரே மேசையில் உட்காருவார்கள், கூட்டம் போடப் பணம் இருக்கிறது. பராமரிப்புக்கு அப்படி ஒரு மேசை கிடையாது.

கடன்: உட்கட்டமைப்பு நிதியம்

மொத்த அளவு ரூ.7,522.48 கோடி. நபார்டு என்னும் வேளாண் ஊரக வளர்ச்சி வங்கி, தேசிய கூட்டுறவு மேம்பாட்டுக் கழகம், வங்கிகள் ஆகியவை கடன் தருகின்றன. திட்டச் செலவில் 80 சதவீதம் வரை கடன். ஆண்டுக்கு 3 சதவீதம் வரை வட்டி மானியம், ஆனால் கட்டும் வட்டி 5 சதவீதத்துக்குக் கீழே போகாது. திருப்பிச் செலுத்த 12 ஆண்டு. அதில் முதல் 2 ஆண்டு அசலுக்கு விடுமுறை.

100 கோடித் திட்டத்துக்கு இது எப்படி இறங்குகிறது என்று பார்ப்போம். 80 கோடி கடன், 20 கோடி மாநிலத்தின் கையிலிருந்து. 5 சதவீதத்தில் முதல் இரண்டு ஆண்டு வட்டி மட்டும், முழுக்கடனும் எடுத்துவிட்டால் ஆண்டுக்கு 4 கோடி. மூன்றாம் ஆண்டிலிருந்து அசல் 8 கோடி, வட்டி 4 கோடி, ஆக 12 கோடி. பிறகு ஆண்டுக்கு 40 லட்சம் வீதம் வட்டி குறையும். இந்தத் தொகையைக் கட்டுவது மாநில அரசு. துறைமுகம் ஒரு பைசா சம்பாதிக்காவிட்டாலும் தவணை போய்க்கொண்டே இருக்கும். மீனவருக்குப் பாரமில்லை என்பது நல்லதுதான். துறைமுகத்துக்கென்று தனிக் கணக்குப் புத்தகமே தேவைப்படாமல் போவது அதன் மறுபக்கம்.

தமிழ்நாடுதான் இதில் முதலில் கையெழுத்திட்ட மாநிலம். 2019இல் நபார்டுடனும் மத்திய மீன்வளத் துறையுடனும் செய்த முத்தரப்பு ஒப்பந்தத்தில் மூன்று துறைமுகங்கள் இருந்தன: கடலூர் முதுநகர் 100 கோடி, தரங்கம்பாடி 120 கோடி, திருவொற்றியூர் குப்பம் 200 கோடி. சேர்த்து 420 கோடி. திருவொற்றியூரின் நோக்கத்தில் காசிமேட்டு நெரிசலைக் குறைப்பதும் ஒன்று. சூரை மீன்பிடித் துறைமுகம் என்ற பெயரில் அது திறப்பு விழா கண்டது 2025இல். அதற்குள் செலவு 270 கோடியைத் தாண்டியிருந்தது. ஆறு ஆண்டில் இவ்வளவு ஏற்றம் கடல் வேலைக்கு அதிசயமில்லை. கடன் வழியின் பலமும் அங்கேதான் தெரிகிறது. கூடுதலாகத் தேவைப்பட்டதை மாநிலம் தானே முடிவெடுத்துச் சேர்த்துக்கொள்ள முடிகிறது, தில்லிக் கோப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

அலைத்தடுப்புச் சுவர், புதிய வார்ஃப், ஆழப்படுத்துதல் போன்ற பெரிய கடல் வேலைக்கு எங்கள் வாக்கு கடனுக்குத்தான். ஒரே எஜமான், ஒரே கணக்கு.

பக்கத்தில் புதுத் துறைமுகம் கட்டினால் படகு தானாக நகர்ந்துவிடும் என்ற நம்பிக்கை மட்டும் வேண்டாம். படகைக் கட்டிப்போடுவது கயிறு மட்டுமில்லை. டீசலுக்கும் ஐஸுக்கும் வலைக்கும் முன்பணம் கொடுத்தவர் ஏலக்காரர். அவர் கடை போட்டிருக்கும் துறையில்தான் படகு மீனை இறக்க வேண்டும். ஐஸ் பிளான்ட், லாரி ஷெட், வெட்டித் தரும் பெண்கள், ஞாயிற்றுக்கிழமை கூடும் சில்லறைக் கூட்டம் எல்லாம் காசிமேட்டில். புதிய இடத்துக்கு ஐம்பது படகை மாற்ற வேண்டுமென்றால் முதலில் நாலு ஏலக்காரருக்கு அங்கே இடம் ஒதுக்க வேண்டும். திட்ட அறிக்கைகளில் இதற்கு ஒரு பத்தி இருந்தாலே அபூர்வம்.

நாள்காட்டிச் சண்டை

கோப்பு நகரும் பாதை பழகியவர்களுக்குத் தெரியும். விரிவான திட்ட அறிக்கை. பெங்களூருவிலுள்ள மத்திய மீன்வளக் கடலோரப் பொறியியல் நிறுவனத்தின் தொழில்நுட்பப் பரிசீலனை. அலை, மணல் நகர்வுக்கு மாதிரி ஆய்வு. கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி. ஆண்டுக்கு 10,000 டன்னும் அதற்கு மேலும் மீன் கையாளும் துறைமுகம் 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கையில் 'பி' வகைக்குள் வரும், அந்த அனுமதியும் வேண்டும். அப்புறம் நிர்வாக ஒப்புதல், டெண்டர். மாநில அரசு டெண்டர் என்றால் 2 கோடிக்கு மேற்பட்ட வேலைக்கு 30 நாள் அவகாசம் விட வேண்டும்.

இதில் யாரும் எழுதாத தடை கடலின் நாள்காட்டி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல். தண்ணீரில் வேலை நடக்காது. ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை தடைக்காலம். மீன்பிடி இல்லையே, அப்போது தூர்வாரலாமே என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். அந்த 61 நாள்தான் அத்தனை படகும் உள்ளே நிற்கும் நாள்கள். தூர்வாரும் பார்ஜ் நுழைய இடமே இருக்காது. ஆகவே படுகையைத் தோண்ட உகந்தது ஜனவரி முதல் ஏப்ரல் நடுவரை, படகுகள் கடலில் இருக்கும்போது, பகுதி பகுதியாக. தடைக்காலத்தில் ஏலக்கூடம் காலியாக இருக்கும். தரை, கூரை, வடிகால், மின் வேலையை அப்போது வைத்துக்கொள்ளலாம். இதைத் தலைகீழாகச் செய்கிற ஒப்பந்தம் இரண்டு பருவத்தையும் இழக்கும்.

நிதியாண்டோ மார்ச் 31இல் முடிகிறது. டிசம்பரில் தவணை வந்தால் மார்ச்சுக்குள் செலவழித்துச் சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்று அவசரம். மூன்று மாதத்தில் சுலபமாகச் செலவாவது சிமென்டும் கூரையும்தான். தூர்வாரல் முழுமையாவதற்குள் ஆண்டு முடிந்துவிடும். பணம் ஏன் எப்போதும் கரைப்பக்கமே போகிறது என்பதற்குப் பெரிய சதி எதுவும் தேட வேண்டாம், இந்தத் தேதிகளே போதும்.

கட்டும்போது பார்க்க வேண்டியவை

கான்கிரீட்டில் ஏமாற்றம் ஐந்தாம் ஆண்டில்தான் தெரியும். இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 456இன்படி அலை ஏறி இறங்கும் பகுதியில் இருக்கும் உறுப்புக்குக் கம்பியின் மேல் 75 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடலும் குறைந்தது எம்40 தரமும் தேவை. கடல்நீர்ச் சாரல் படும் இடத்துக்கு 50 மில்லிமீட்டர், எம்35. வார்ஃபின் அடிப்புறத்தில் இதை மிச்சம் பிடித்தால் கம்பி துருப்பிடித்து உப்பி, கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். அதை ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய முடியாது. கம்பி கட்டிய பிறகு, கான்கிரீட் ஊற்றும் முன், சங்கத்தின் சார்பில் ஒருவர் அளவுகோலோடு போய் நின்றாலே பாதிப் பிரச்சினை தீரும்.

வார்ஃபின் உயரம் அடுத்தது. விசைப்படகுக்குச் சரியாக இருக்கும் உயரம் ஃபைபர் படகுக்குச் சுவர் மாதிரி. கடல் வற்றத்தில் கூடையைத் தலைக்கு மேலே தூக்கிக் கொடுக்க வேண்டிவரும். படிக்கட்டுள்ள தாழ்வான ஜெட்டி ஒன்று தனியாக வேண்டும். இதை வரைபட நிலையில் கேட்காவிட்டால் பிறகு கிடைக்காது.

ஆழம்: படகு நீரில் அமிழ்வது 2.5 மீட்டர் என்றால் அடியில் அரை மீட்டராவது விட்டு, வண்டல் படிவுக்கும் இடம் சேர்த்து 3.5 மீட்டர் கேட்க வேண்டும். ஒப்பந்தத்தில் அது எந்த நீர்மட்டத்திலிருந்து அளக்கப்படுகிறது என்று பாருங்கள். கடல் வரைபடத்தின் அடிமட்டத்திலிருந்து, அதாவது கடல் நன்றாக வற்றிய மட்டத்திலிருந்து என்று இருக்க வேண்டும். சராசரி மட்டத்திலிருந்து என்றால் அரை மீட்டருக்கு மேல் ஏமாந்து போவீர்கள்.

ஏலக்கூடத்தில் தரைச் சரிவும் வடிகாலும்தான் உயிர். செதில், குடல், ஐஸ் கட்டியோடு வரும் மரத்தூள் எல்லாம் போய் அடைப்பது வடிகால் வாய். கையால் தூக்கி எடுக்கக்கூடிய கம்பிக்கூடைச் சல்லடை ஒவ்வொரு வாயிலும் இருக்க வேண்டும். மூடிப் புதைத்த குழாய் மூன்று மாதம் தாங்காது, திறந்த கால்வாயின் மேல் கம்பி வலை போடுவதே மேல். கூரைக்குச் சாதாரணத் துத்தநாகத் தகடும் இரும்பு போல்ட்டும் வேண்டாம், போல்ட்தான் முதலில் போகும்.

வரைபடத்திலிருந்து சத்தமில்லாமல் மறைவது பெண்களின் இடம். கருவாடு காயவைக்கும் தளம், மீன் வெட்டும் மேடை, கூடைக்காரர்கள் உட்கார்ந்து பங்கு பிரிக்கும் நிழல் எல்லாம் பழைய துறைமுகத்தில் யாரும் ஒதுக்காமல் தானாக உருவானவை. அதனால் அளவெடுப்பவரின் தாளில் அவை காலியிடமாகவே பதிவாகும். புதிய வரைபடத்தில் அங்கே வாகன நிறுத்தம் வந்துவிடும். இப்போது எத்தனை பேர் எங்கே உட்காருகிறார்கள் என்று எண்ணி, அறிக்கையின் இணைப்பாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

கன்வேயர் வேண்டும் என்று மேலே சொன்னதற்கு ஒரு நிபந்தனை உண்டு. சுமை தூக்கும் தொழிலாளர்களுக்குக் கூலி கூடைக் கணக்கில். இயந்திரத்துக்கு யார் ஆள், எடைக்கு என்ன கூலி என்பதை அவர்கள் சங்கத்தோடு பேசி முடிக்காமல் இயந்திரத்தை இறக்கினால் அது தார்ப்பாய் போர்த்தி நிற்கும். இது இயந்திரத்தின் குறையும் இல்லை, தொழிலாளியின் குறையும் இல்லை.

திறப்பு விழாவுக்குப் பிறகு

தூர்வாரல் ஒருமுறை செய்து முடியும் வேலை கிடையாது. கிழக்குக் கடற்கரையில் மணல் ஆண்டின் நிகரக் கணக்கில் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சென்னைத் துறைமுகச் சுவர் எழுந்த பிறகு தெற்கே மெரினா அகன்றதும் வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கரை அரிக்கப்பட்டதும் இதன் விளைவுதான். இந்தக் கரையில் எந்தத் தடுப்புச் சுவர் கட்டினாலும் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் கரை தேயும். முகத்துவாரத்தை மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது அளந்து தோண்டப் பணம் வேண்டும். வடக்கே தேயும் கரைக்குத் தூண்டில் வளைவோ (கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) கரையோரக் கல்லோ வேண்டும். இரு திட்டங்களிலும் முதல் தோண்டலுக்குத்தான் தொகை உண்டு. அடுத்தடுத்த தோண்டல்களை மாநிலமோ துறைமுக ஆணையமோ தன் பட்ஜெட்டில் தேட வேண்டும். ஆழம் அரை மீட்டர் குறைந்தால் பெரிய படகுகள் கடல் ஏற்றத்துக்காகக் காத்து நிற்கும். அந்தக் காத்திருப்பே புதிய நெரிசல்.

கழிவுநீர் நிலையம் இதே கதை. கட்ட மானியம் உண்டு. மோட்டார் ஓட மின்கட்டணம், ஆபரேட்டருக்குச் சம்பளம், கசடு அகற்ற லாரி இவற்றுக்குக் கிடையாது. மீன் கழுவிய தண்ணீரில் ரத்தமும் எண்ணெயும் கலந்திருக்கும், வரத்து நேரத்தில் மொத்தமாக வரும், மற்ற நேரத்தில் ஒன்றும் வராது. வீட்டுக் கழிவுநீருக்கான வடிவமைப்பை அப்படியே கொண்டுவந்து வைத்தால் நுண்ணுயிர் ஒரு வாரத்தில் சாகும். முன்னால், மொத்தமாக வரும் தண்ணீரைத் தேக்கிச் சீராக விடும் ஒரு சமன்செய் தொட்டியும் கொழுப்புப் பிரிப்பானும் இருக்கிறதா என்று பாருங்கள்.

பராமரிப்புப் பணத்துக்கு முதல் வழி: இறக்கும் மீனுக்கு ஒரு சிறு கட்டணம், அது துறைமுக மேலாண்மைக் குழுவின் தனிக் கணக்கில், செலவு மாதாமாதம் பலகையில். கட்டணம் என்றாலே எதிர்ப்பு வரும் என்பது தெரியும். ஆனால் விளக்கும் தண்ணீரும் நாளைக்குள் சரியாகும் என்று காட்டினால் படகுக்காரர்கள் கொடுக்கத் தயங்குவதில்லை. வசூலாகிற பணம் பொதுக் கஜானாவுக்குப் போனால்தான் கோபப்படுகிறார்கள். கட்டுமான ஒப்பந்தத்திலேயே ஐந்தாண்டுப் பராமரிப்பைச் சேர்த்து, அதற்கான தொகையைத் தனியாக நிறுத்திவைக்கும்படி கேட்பது இரண்டாவது வழி.

தீ பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 2023 நவம்பரில் விசாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்தில் ஒரே இரவில் முப்பதுக்கும் மேற்பட்ட விசைப்படகுகள் எரிந்தன. படகோடு படகு கட்டியிருந்தால் ஒன்றில் பிடித்தது மற்றவற்றுக்குத் தாவும். ஒவ்வொன்றிலும் டீசலும் சமையல் கேஸும் இருக்கும். கயிறு அவிழ்த்து விலக்கவும் வழி இருக்காது. 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் காசிமேட்டில் படகுகள் ஒன்றோடொன்று மோதிச் சேதமடைந்ததற்கும் காரணம் இதே அடுக்குக் கட்டல்தான். வரிசைகளுக்கு நடுவே ஒரு படகு போகும் அகலத்துக்குத் தண்ணீர்ச் சந்து விடுவது, வார்ஃபில் கடல்நீர் எடுக்கும் பம்பும் குழாயும் வைப்பது, இரவுக்காவல். மூன்றும் நூறு கோடித் திட்டத்தில் சில்லறைச் செலவு. பட்டியலில் இல்லையென்றால் சேர்க்கச் சொல்ல வேண்டிய முதல் உருப்படி இதுதான்.

மதிப்பெண்

மத்ஸ்ய சம்பதா மானியத்துக்கு ஐந்துக்கு மூன்று. ஏலக்கூடம், சுத்தம், தண்ணீர், கழிப்பறை இவை மட்டும் குறையாக உள்ள துறைமுகத்துக்கு இதுவே போதும். விலையேற்றத்தைத் தாங்காததும் தவணைச் சிக்கலும் குறை.

உட்கட்டமைப்பு நிதியத்துக்கு மூன்றரை. புதிய வார்ஃப், அலைத்தடுப்பு, ஆழம் வேண்டுபவர்கள் இதைத்தான் கேட்க வேண்டும். நிதிநிலை இறுக்கமான மாநிலத்துக்கு மூன்றாம் ஆண்டிலிருந்து வலிக்கும்.

பராமரிப்பு என்ற தலைப்பில் இரண்டுக்கும் சேர்த்தே ஒன்று. இரண்டின் ஒப்புதல் காலமும் 2025-26 நிதியாண்டு வரைதான். அடுத்து வரும் சுற்றில் துறைமுகப் பணம் கேட்டு மனு எழுதுகிறவர்கள் கூரையின் சதுர அடியைக் கடைசியில் எழுதட்டும். முதல் பக்கத்தில் வர வேண்டியவை: ஒரு படகு இறக்கி விலக இப்போது ஆகும் மணி நேரம், திட்டம் முடிந்தபின் ஆக வேண்டிய மணி நேரம், முகத்துவாரத்தின் இன்றைய ஆழம், அந்த ஆழத்தை ஐந்தாம் ஆண்டிலும் காப்பது யார் பொறுப்பு என்ற கையெழுத்து.